கஞ்சித்தொட்டியும் கால்வாய்த் தண்ணீரும்

பஞ்சமும் நாமும் – 9

தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாட்டைச் சென்ற வாரம் பார்த்தோம். பசித்து வந்தவர்களைச் சர்க்கார் எப்படி நடத்தியது என்பதை இந்த வாரம் பார்ப்போம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்கதை உண்டு.

1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன, விதைப்பு நின்றது; பிழைக்க வழியற்ற ஜனம் சென்னைப் பட்டணத்துக்கு நடந்தது. 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்ற ஓர் இடம் ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். பசியோடு நோயும் சேர்ந்தே வந்ததால், 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே சிகிச்சையும் தொடங்கினார். இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் வேர் அதுதான். ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றால் வடசென்னைப் பெரியவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்திலோ வேறோர் எண்ணம் வலுத்தது. 1834-ல் வந்த ஏழைகள் சட்டப்படி, உதவி வேண்டுபவர் உழைப்பு விடுதிக்குள் போக வேண்டும். அங்கே கிடைக்கும் வாழ்க்கை, வெளியே இருக்கும் கடைக்கோடிக் கூலியாளின் வாழ்க்கையைவிடக் கீழாக இருக்க வேண்டும். அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது கணக்கு. அமெரிக்கக் கிராமப்புறங்களில் இத்தகைய ஏழை விடுதிகளை ஒட்டிப் பண்ணையும் இருந்தது. தங்கியிருப்பவர்கள் அதில் பாடுபட வேண்டும்.

உதவி கேட்பவர் சோம்பேறியோ என்ற அந்தச் சந்தேகம்தான், தாது வருஷப் பஞ்சத்தின் நடுவில், 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணத்துக்குச் செலவு மிஞ்சுகிறது என்று கூலியைக் குறைக்கச் சொன்னார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். பொழுதுக்கும் ஜல்லி உடைத்தவனுக்கும் மண் சுமந்தவனுக்கும் அவ்வளவுதான். உப்பு, மிளகாய், பருப்பு, விறகு எல்லாம் அந்த ஓர் அணாவுக்குள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு.

மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். பிறகு கூலி உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. இந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பின்னர் 1880-ல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது; பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. உழைக்க முடிந்தவருக்கு வேலை, முடியாதவருக்கு இலவச உதவி என்று வகுத்தார்கள். ஏழை விடுதியும் அந்த விதிகளில் இடம்பெற்றது.

பஞ்சத்தின் இன்னொரு விளைவு நம் வாசலிலேயே ஓடுகிறது. நெடுங்காலம் காகிதத்தில் கிடந்த பெரியாறு திட்டத்துக்கு உயிர் கொடுத்தது தாது வருஷச் சாவுகள்தான். 1887-ல் தொடங்கிய வேலை, பொறியாளர் பென்னிகுயிக்கின் பிடிவாதத்தாலும், காட்டுக் காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் உழைப்பாலும் 1895-ல் முடிந்தது. இன்று லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில். உத்தமபாளையத்து வயல்களும் அதில் அடக்கம். தேக்கடி மதகு திறக்கும் நாளில் பூத்தூவிக் கும்பிடுகிறோம். நாற்றங்காலுக்கு உழவு தொடங்குகிறது. தண்ணீர் எந்த வயலையும் பார்த்து ‘நீ தகுதியானவனா’ என்று கேட்பதில்லை.

கஞ்சி அன்றைய உயிரைக் காத்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பசித்தவனைச் சோம்பேறி என்று முன்கூட்டியே தீர்மானித்ததுதான் பாவம். அந்தத் தீர்மானம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பார்த்து ‘மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்’ என்று டீக்கடையில் பேசுகிறோமே, அது டெம்பிளின் வாதம். தாது வருஷத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த வாதத்தை நம் வாயால் சொல்லக் கூடாது.

(அடுத்த வாரம்: அணை கட்டப் போனவர்கள்)