பனிக்கடலுக்கு இறங்கும் படிகள்

பிரான்சு நாட்டின் மோன் பிளான் மலையடியில் ஷமோனி என்னும் பனிச்சறுக்கு நகர் உள்ளது. 1924இல் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் நிகழ்ந்த இடம் அது. அங்குள்ள பெரிய பனிக்கட்டியாற்றுக்குப் ‘பனிக்கடல்’ என்று பெயர். 1988இல் கம்பிவட வண்டி அமைந்தபோது, இறங்கியோர் மூன்றே படிகளில் பனியை மிதித்தனர். அன்று சென்ற சிறுவன் 2021இல் தன் மகனுடன் மீண்டும் சென்றிருப்பின், ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கியிருப்பான். கோடையில் கீழே உருகுவதை மேலே பொழியும் பனி ஈடுசெய்யாமையே காரணம். பனிக்கட்டியாறு மெல்ல நகரும் என்றே நாம் வகுப்பிற் கற்பித்தோம். மெலியும் என்று கற்பித்தோமல்லோம். 2024இல் ஆற்றின் மேற்புறத்தே புதிய வண்டி அமைத்தனர். பழைய படிவழியிலோ, முன்னைய ஆண்டுகளிற் பனி நின்ற மட்டத்தைக் குறிக்கும் பலகைகள் இருந்தன. பனியருகே நிற்பவன், தன் இளமைக்காலத்து மட்டத்தை அண்ணாந்தே பார்த்தல் வேண்டும்.