போர்க்கால அதிகாரமும் நாடாளுமன்றமும்: மலேசிய அரசியலமைப்பின் 150ஆம் பிரிவு குறித்து

முன்னுரை

ஒரு நாட்டைப் போரில் ஈடுபடுத்தும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்பது அரசியலமைப்புச் சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, போரை அறிவிக்கும் அதிகாரத்தைக் காங்கிரசுக்கும் படைத்தலைமையை அதிபருக்கும் பிரித்தளித்தது. வியட்நாம் போரின் பட்டறிவால் 1973இல் நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம், காங்கிரசின் இசைவின்றி அதிபர் படையை மோதலில் ஈடுபடுத்தின் பொதுவாக 60 நாள்களுள் அதனை முடித்துக்கொள்ளுமாறு விதித்தது. இவ்வினாவை நம் நாட்டிற்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாமன்னரும் அமைச்சரவையும்

மலேசியாவில் அதிபர் இல்லை. அரசியலமைப்பின் 41ஆம் பிரிவின்படி மாமன்னரே ஆயுதப்படைகளின் தலைமைத் தளபதி. எனினும், 40ஆம் பிரிவு அவரை அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கப் பணிக்கின்றது. ஆகவே, இங்குச் சமநிலை என்பது உண்மையில் அமைச்சரவைக்கும் நாடாளுமன்றத்திற்கும் இடைப்பட்டதாகும். போரும் அமைதியும் ஒன்பதாம் அட்டவணையின் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன. அவை குறித்து நாடாளுமன்றம் சட்டமியற்றலாம். ஆனால், போர் தொடுக்குமுன் அதன் இசைவைப் பெறுதல் வேண்டும் என எப்பிரிவும் கூறவில்லை. எனவே, போர்க்காலத்தில் நாடாளுமன்றத்தின் பிடி எத்தகையது என்பதை அவசரகாலம் பற்றிய 150ஆம் பிரிவிலேயே தேட வேண்டியுள்ளது.

1957 முதல் 1981 வரை

1957இல் இப்பிரிவு கண்டிப்பானதாக இருந்தது. ஈரவைகளும் ஏற்காவிடில் அவசரகாலப் பிரகடனம் இரு மாதங்களில் காலாவதியாகும். நாடாளுமன்றம் கூடியிராத வேளையில் பிரகடனம் வெளியிடப்பட்டால், அதனை இயன்ற விரைவில் கூட்டுதலும் வேண்டும். 1960ஆம் ஆண்டுத் திருத்தம் இக்காலவரையறையை நீக்கிற்று. அதன்பின், மீட்டுக்கொள்ளப்படும் வரையிலோ ஈரவைகளும் தீர்மானத்தால் நீக்கும் வரையிலோ பிரகடனம் நிலைபெறும் என்றாயிற்று. முன்னர் நாடாளுமன்றம் வாளாவிருந்தால் அவசரகாலம் முடிவுறும். பின்னரோ, வாளாவிருந்தால் அது தொடரும். ஆளுங்கட்சியே பெரும்பான்மை வகிக்கும் அவையில் இவ்வேறுபாடு சிறிதன்று.

1964 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இந்தோனேசியப் படையினர் பொந்தியானிலும் லாபிசிலும் இறங்கியபோது இப்பிரிவு போர்ச்சூழலில் பயன்பட்டது. செப்டம்பர் 3ஆம் நாள் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. 1966 ஆகஸ்டில் உடன்பாடு கையெழுத்தாகி மோதல் ஓய்ந்தது. பிரகடனமோ அதனுடன் ஓயவில்லை. 1969ஆம் ஆண்டின் புதிய பிரகடனத்தால் அது உட்கிடையாக நீங்கியதென 1978இல் பிரிவி கவுன்சில் பொருள்கொண்டது. அஃதாவது, போர்க்கால அதிகாரத்தை முடித்துவைத்தது நாடாளுமன்றம் அன்று, மற்றோர் அவசரகாலமே.

1981ஆம் ஆண்டுத் திருத்தம், நாடாளுமன்றத்தை விரைந்து கூட்டும் கடமையை நீக்கியது. பிரகடனத்தை நீதிமன்றம் வினவுவதையும் தடுத்தது. பல பிரகடனங்கள் ஒருங்கே நிலவவும் வழிவகுத்தது.

விளைவு

1969ஆம் ஆண்டுப் பிரகடனத்தை ஈரவைகளும் நீக்கியது 2011இல்தான். அதன்கீழ்ப் பிறந்த பொது ஒழுங்கு, குற்றத்தடுப்பு அவசரச் சட்டம் ஒருவரை விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2012இல்தான் அது காலாவதியானது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பழைய குடும்பங்களோடு உரையாடுங்கால், ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமின் பெயரைக் கேட்டதும் மூத்தோர் பேச்சை நிறுத்திவிடுவதை நாம் கண்டதுண்டு. கலவரத்திற்குப் பல்லாண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் அக்கலவரத்தின் சட்டம் எட்டியது.

இந்தியாவுடன் ஓர் ஒப்பீடு

இந்திய அரசியலமைப்பின் 352ஆம் பிரிவும் தொடக்கத்தில் இதே இரு மாத வரையறையைக் கொண்டிருந்தது. ஒருமுறை ஏற்றபின் காலவரம்பு இல்லாமையால், 1962 அக்டோபரில் சீனப்போரை ஒட்டிப் பிறந்த அவசரகாலம், அடுத்த மாதமே போர் ஓய்ந்தும் 1968 ஜனவரி வரை நீடித்தது. 1975ஆம் ஆண்டு அவசரகாலத்தின் கசப்பிற்குப்பின், 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் ஒரு மாதத்திற்குள் சிறப்புப் பெரும்பான்மையின் ஏற்பையும், ஆறு மாதத்திற்கொரு முறை புதுப்பித்தலையும் கட்டாயமாக்கியது. ஒரே இடத்தில் தொடங்கிய இரு நாடுகளுள் ஒன்று கடிவாளத்தை இறுக்கியது, மற்றொன்று தளர்த்தியது.

எனினும், விதி மட்டும் போதாது என்பதற்கு இலங்கை சான்றாகும். அங்கு அவசரகாலத்தை மாதந்தோறும் நாடாளுமன்றம் நீட்டித்தல் வேண்டும். இருந்தும், சிற்சில இடைவெளிகளுடன் 1983 முதல் 2011 வரை அது வாக்கெடுப்புகளாலேயே நீடித்தது.

முடிவுரை

2021 ஜனவரியில் பெருந்தொற்றை முன்னிட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, ஜூலை 26 வரை நாடாளுமன்றம் கூடவில்லை. 1957ஆம் ஆண்டின் வாசகம் நிலைத்திருந்தால் அந்நிலை எளிதில் நேர்ந்திராது. போரோ நோயோ கலவரமோ, அரசு விரைந்து செயற்பட அதிகாரம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வதிகாரம் தானே முடியும் நாளையும் உடன்கொண்டு பிறத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. தொடர வேண்டுமெனில், அதற்கான காரணத்தை அரசே அவையில் வந்து கூறட்டும்.