பூட்டிய கதவுக்கு வந்த பில்

2024 ஏப்ரல் கடைசியில் ஒரு மென்பொருள் பொறியாளர் தனக்கு நேர்ந்ததை இணையத்தில் எழுதினார். வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதிரி செய்து காட்ட, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் அவர் கோப்புகளைப் போட்டுவைக்கும் 'பக்கெட்' ஒன்றைப் புதிதாகத் திறந்து, சோதனைக்காகச் சில கோப்புகளை ஏற்றியிருந்தார். இலவச வரம்புக்குள்தான் இருக்கிறோமா என்று இரண்டு நாள் கழித்துப் பில் பக்கத்தைப் பார்த்தார். 1,300 டாலருக்கு மேல் காட்டியது. அன்றைய மதிப்பில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும். ஒரே நாளில் அந்தப் பக்கெட்டுக்கு ஏறத்தாழ 10 கோடிக் கோரிக்கைகள் வந்திருந்தன.

அவற்றை அனுப்பியது அவரல்ல. பலரும் பயன்படுத்தும் ஒரு திறமூலக் கருவி, பேக்கப் வைக்கும் இடத்துக்கு மாதிரிப் பெயர் ஒன்றைப் போட்டுவைத்திருந்தது. தற்செயலாக இவர் தன் பக்கெட்டுக்கு வைத்த பெயரும் அதுவே. மாதிரிப் பெயரை மாற்றாமல் அந்தக் கருவியை நிறுவியவர்களின் சர்வர்கள் எல்லாம் இவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. கதவு பூட்டியே இருந்ததால் எந்தக் கோப்பும் உள்ளே வரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் வீட்டுக்காரர் கணக்கில் கட்டணம் ஏறியது. சோதனைக்காக அவர் அரை நிமிடத்துக்கும் குறைவாகக் கதவைத் திறந்துவைத்தபோது, முன்பின் தெரியாதவர்களின் தரவு 10 ஜிபிக்கு மேல் உள்ளே வந்து விழுந்தது. கருவியின் அமைப்பைச் சரிபார்க்காத நிறுவனங்களுக்கும் இதில் ஆபத்து இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

முறையிட்டபின் அமேசான் அந்தத் தொகையை விதிவிலக்காகத் தள்ளுபடி செய்தது. செய்தி பரவியது. அதே ஆண்டு மே 13 அன்று, உரிமையாளரின் கணக்குக்கு வெளியிலிருந்து வந்து அனுமதி மறுக்கப்படும் கோரிக்கைகளுக்கு இனிக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் அறிவித்தது. 2006 மார்ச்சில் தொடங்கிய ஒரு சேவையின் கட்டண விதியை ஒரு பயனரின் புகார் மாற்றியது பெரிய விஷயம். அவர் இரண்டாம் நாளே பில் பக்கத்தைப் பார்க்காமல் மாதக் கடைசிவரை இருந்திருந்தால் தொகை எங்கே போய் நின்றிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியக் கணக்கெடுப்பாளர் வருவார். ஆனால் மீட்டர் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, எந்த நாளும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கிளவுட் சேமிப்பிலும் மீட்டர் உண்டு. அது தானாகக் கண்ணில் படாது, கேட்டால்தான் எண்ணைச் சொல்லும்.

எஸ்3 சேவைக்கு இரண்டு மீட்டர்கள். பக்கெட்டில் எத்தனை பைட் இருக்கிறது, எத்தனை கோப்புகள் என்பதைச் சொல்லும் முதல் மீட்டர் எப்போதும் ஓடுகிறது. கிளவுட்வாட்ச் என்ற கண்காணிப்புச் சேவையில் நாளுக்கொரு முறை பதிவாகிறது, இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எத்தனை கோரிக்கைகள் வந்தன என்று நிமிடக் கணக்கில் சொல்லும் இரண்டாவது மீட்டரை வாடிக்கையாளரே இயக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. அந்தப் பொறியாளரை வீழ்த்தியது இந்த இரண்டாவது வகைச் செலவு. முதல் மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் அவருக்கு எல்லாம் அமைதியாகவே தெரிந்திருக்கும்.

முதல் மீட்டரை வாசிக்க இருபது வரிப் பைத்தான் ஸ்கிரிப்ட் போதும். அமேசானே வெளியிடும் போட்டோ3 நூலகத்தின் வழியாகக் கிளவுட்வாட்சிடம் பக்கெட் பெயர், சேமிப்பு வகை, தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவற்றைக் கொடுத்தால் எண் வந்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. சேமிப்பு வகையைக் குறிப்பிட மறந்தால் பிழைச் செய்தி வராது, வெறும் காலிப் பட்டியல்தான் வரும். மும்பைப் பிராந்தியத்தில் உள்ள பக்கெட்டின் கணக்கை அமெரிக்கப் பிராந்தியத்தில் கேட்டாலும் அதேதான். நாளுக்கொரு முறை பதிவாகும் எண்ணை 'கடந்த ஒரு மணி நேரம்' என்று கேட்டாலும் பதில் காலியாகவே இருக்கும். அந்தக் காலிப் பட்டியலைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து. பதில் காலியாக வந்தால் 'அளவீடு கிடைக்கவில்லை' என்று உரக்கச் சொல்லும்படி ஸ்கிரிப்டை எழுத வேண்டும். தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் விடுவது நல்லது.

பக்கெட்டில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கூட்டுவது இன்னொரு வழி. ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 1,000 கோப்புகள்தான் வரும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டணம் உண்டு. ஆனாலும் ஒருமுறையாவது இதைச் செய்து, வரும் கூட்டுத்தொகையை மீட்டர் எண்ணோடு ஒப்பிடுவது பயன் தரும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக ஏற்றும்போது இணைப்பு பாதியில் அறுந்தால், ஏறிய துண்டுகள் அங்கேயே தங்கிவிடும். வழக்கமான பட்டியலில் அவை வராது, பில்லில் வரும். பதிப்புகளைப் பாதுகாக்கும் வசதி இயங்கினால் அழித்த கோப்புகளின் பழைய பிரதிகளும் அப்படியே. முடியாத ஏற்றங்களை ஏழு நாளில் நீக்கச் சொல்லி ஒரு வாழ்க்கைச் சுழற்சி விதி போட்டுவிட்டால் முதல் தொல்லை தீரும்.

பார்ப்பதற்கும் சில இடங்களில் காசு போகும். செலவை நேரடியாகச் சொல்லும் 'காஸ்ட் எக்ஸ்ப்ளோரர்' ஏபிஐயிடம் ஒருமுறை கேட்க 0.01 டாலர். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்படி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் ஒரு நாளில் 1,440 கேள்வி, 14.40 டாலர். செலவுக் கணக்கே நாளுக்குச் சில முறைதான் புதுப்பிக்கப்படுவதால் காலையில் ஒருமுறை கேட்டால் போதுமானது. அதே காரணத்தால், பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சலை மட்டும் நம்பியிருப்பவருக்குச் செய்தி சில மணி நேரம் தாமதமாகத்தான் எட்டும். எச்சரிக்கை அனுப்புவதால் சேவை நின்றுவிடாது என்பதும் பலருக்குத் தெரியாது.

கணக்கை அணுகும் ரகசியச் சாவியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி, அதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. இப்படிக் கசியும் சாவிகளைத் தேடி எடுக்கவே தானியங்கி நிரல்கள் ஓயாமல் அலைகின்றன. மீட்டர் வாசிக்கும் ஸ்கிரிப்டுக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் போதும். கோப்பைத் திறக்கவோ அழிக்கவோ புதிய சர்வர் தொடங்கவோ முடியாத சாவியாக இருந்தால், தொலைந்தாலும் இழப்பு சிறிது.

எதிர்பாராத பில் வந்துவிட்டால் முதலில் செய்ய வேண்டியது, பில் தொடர்பான கோரிக்கையைப் பதிவு செய்வது. காசு கட்டும் ஆதரவுத் திட்டம் இல்லாதவருக்கும் அமேசானில் இது இலவசம். தள்ளுபடி நிறுவனத்தின் சலுகையாகத்தான் கிடைக்கும், ஒப்பந்தப்படி கணக்கில் நடப்பதற்கு வாடிக்கையாளரே பொறுப்பு. ஆகவே ஆதாரம் முக்கியம். கிளவுட்வாட்ச் தன் நாளளவீடுகளை 15 மாதம் வைத்திருக்கும். ஸ்கிரிப்ட் தினமும் எழுதிய தேதியிட்ட கோப்பு கையில் இருந்தால், எந்த நாளில் எண் எகிறியது என்று சுட்டிக்காட்டலாம்.

இந்தியாவில் சேவைக் குறைபாட்டுக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வணிக நோக்கில் வாங்கிய சேவை இதில் அடங்காது என்பதால் நிறுவனங்களுக்கு இந்த வழி கடினம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள்களுக்குச் சட்டம் விலக்கு தருகிறது, ஆனால் அந்த விலக்கின் வாசகம் சேவைகளைக் குறிப்பிடவில்லை. தனியாகத் தொழில் செய்யும் புகைப்படக்காரரோ நிரலாளரோ இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

போதும், வெளியேறிவிடலாம் என்று நினைப்பவருக்கும் முன்பு ஒரு தடை இருந்தது: தரவை வெளியே எடுக்க ஜிபி கணக்கில் கட்டணம். 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் அடுத்தடுத்து, வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு அதை நீக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2027 ஜனவரி 12 முதல் சேவை மாறுவதற்கான கட்டணத்தையே தடை செய்கிறது. அமேசானில் வெளியேறுபவருக்கான இந்தக் கட்டணச் சலுகை தானாக வராது. தரவை எடுக்கத் தொடங்கும் முன்பே ஆதரவுப் பிரிவுக்கு எழுதி ஒப்புதல் பெற வேண்டும். எவ்வளவு தரவு வெளியே போகப்போகிறது என்று கணக்கிட அங்கும் அந்த இருபது வரி ஸ்கிரிப்டின் எண் உதவும்.