ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறுமை

மாட்டை அதட்டினால் நீர் சிந்தும் என்பதை எங்கள் வீரசோழன் வட்டாரத்தில் கமலை இறைத்த முதியோர் நன்கறிவர். ஒலிப்பதிவுக் கூடமும் அத்தகையதே. மெழுகுத் தட்டில் பதிவு செய்த நாளில், இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். பிழையை மட்டும் திருத்த இயலாது. ஒருவர் தவறினும் அனைவரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒலிநாடா வந்தபின்னும் சினம் ஓயவில்லை. நான் கலந்துகொண்ட பதிவொன்றில், இளைஞர் ஒருவர் மிருதங்கத்தில் தாளம் தவறினார். மேற்பார்வையாளர் பலர்முன் ஏசவே, இளைஞரின் கை நடுங்கிற்று. மூத்த வயலின் வித்துவானோ, "தம்பி, என் வில்லும் பிசகியது, மீண்டும் வாசிப்போம்" என்றார். பதிவு செம்மையாய் முடிந்தது.

இன்று கணிப்பொறி பிழையை வெட்டி ஒட்டும். அஞ்சிய உள்ளத்தின் நடுக்கத்தை எக்கருவி நீக்கும்? பிறரை மதித்தலும் தொழில்திறமையின் ஒரு கூறே.