மஞ்சள் லாரிக்காரர் வாங்கிய பந்தயத் திடல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வீடு மாறும்போது அனுப்பும் படங்களில் ஒரு மஞ்சள் லாரியைச் சிலர் கவனித்திருக்கலாம். பக்கவாட்டில் பெரிதாக 'பென்ஸ்கி' என்று எழுதியிருக்கும். லாரியை வாடகைக்கு எடுத்து, நாமே சாமான்களை ஏற்றி, நாமே ஓட்டிச் சென்று, போய்ச் சேரும் ஊரிலேயே விட்டுவிடலாம்.

அந்த லாரிக்குப் பின்னால் இருப்பது பென்ஸ்கி கார்ப்பரேஷன். மிச்சிகன் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் நிறுவனம். லாரி வாடகை, பிற கம்பெனிகளின் சரக்குகளைக் கையாளுதல், வாகன விற்பனை, கார் பந்தயம் என்று அதன் தொழில்கள் பல. வாகன விற்பனைப் பிரிவு மட்டும் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கிறது. தாய் நிறுவனத்தின் பங்குகளை வெளியார் சந்தையில் வாங்க முடியாது.

இதை உருவாக்கிய ரோஜர் பென்ஸ்கி 1937இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் பெயர்பெற்ற பந்தய ஓட்டுநர். 1965இல் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஃபிலடெல்ஃபியாவில் ஷெவர்லே கார் விற்பனை நிலையத்தைக் கவனிக்கப் போனார். மறு ஆண்டே சொந்தப் பந்தய அணி தொடங்கினார். லாரி வாடகைத் தொழில் 1969இல் வந்தது.

வீடு மாறுகிறவர்களின் ஒருநாள் வாடகை கண்ணில் படுகிற பகுதி மட்டும்தான். பெரிய வருமானம் கம்பெனிகளுக்குப் பல ஆண்டு ஒப்பந்தத்தில் லாரி கொடுப்பதில் இருக்கிறது. ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு இருபது லாரிகள் தேவை என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாக வாங்கினால் முதல் முடங்கும். மெக்கானிக் வேண்டும், உதிரி பாகம் வேண்டும், வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய சரக்கும் நின்றுவிடும். ஐந்தாறு வருடம் கழித்து பழைய லாரி என்ன விலைக்குப் போகும் என்பதும் தெரியாது. பென்ஸ்கி இந்தத் தலைவலி எல்லாவற்றையும் தன் மேல் எடுத்துக்கொள்கிறது. லாரியை வாங்குவது, பராமரிப்பது, பழுதானால் மாற்று வண்டி தருவது, கடைசியில் விற்பது எல்லாம் அதன் பொறுப்பு. வியாபாரி ஓட்டுநரையும் டீசலையும் பார்த்துக்கொண்டு, மாதத் தொகையும் ஓடிய தூரத்துக்கான கட்டணமும் செலுத்தினால் போதும்.

சொந்த லாரி ஓட்டிய குடும்பங்களுக்கு இதன் அருமை புரியும். வண்டியின் விலையை விட அது நிற்கும் நாட்கள்தான் அதிகம் தின்னும். இன்று இந்தப் பிரிவிடம் 4 லட்சத்துக்கும் அதிகமான வாகனங்கள் இருக்கின்றன. ஜப்பானின் மிட்சுயி நிறுவனமும் அதில் பங்காளி.

நொடித்த தொழில் ஒன்றை எடுத்து நிறுத்திய கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த டெட்ராய்ட் டீசல் என்ற எஞ்சின் பிரிவு நஷ்டத்தில் கிடந்தது. கனரக லாரி எஞ்சின் சந்தையில் அதன் பங்கு 3 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. 1988இல் அதில் பெரும்பங்கை பென்ஸ்கி வாங்கினார். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதிய எஞ்சின் அப்போதுதான் வந்திருந்தது. 1990களில் சந்தைப் பங்கு ஏறத்தாழ கால் பங்கை எட்டியது. 2000இல் டைம்லர் கிரைஸ்லர் அதை வாங்கிக்கொண்டது.

இனி பந்தயம். அமெரிக்காவின் மிகப் பெரிய கார் பந்தயம் இண்டியானாபொலிஸ் 500. இரண்டரை மைல் சுற்றுப் பாதையில் 200 சுற்று. பென்ஸ்கி அணி 1972இல் முதன்முறை வென்றது. 2024 வரை 20 முறை. வேறெந்த அணியும் அருகில்கூட இல்லை. ஆனாலும் 1994இல் வென்ற அதே அணி மறு ஆண்டு தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

2020 ஜனவரியில் ரோஜர் பென்ஸ்கி அந்தத் திடலையே வாங்கினார். 1945 முதல் ஹல்மன் குடும்பத்திடம் இருந்த சொத்து அது. போட்டித் தொடரை நடத்தும் நிறுவனமும் கூடவே வந்தது. இரண்டு மாதத்தில் கொரோனா. மே மாதப் பந்தயம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், பல லட்சம் பேர் கூடும் இடத்தில் ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் நடந்தது.

அந்த நஷ்டத்தை அவர் தாங்கிக்கொண்டார். வேறொரு சிக்கல் அதைவிடக் கடினமானது. திடல் அவருடையது, விதி போடும் நிறுவனம் அவருடையது, ஓடும் அணியும் அவருடையது. தராசைப் பிடிப்பவரே சரக்கையும் விற்றால் எடை சரியாகவே இருந்தாலும் வாங்குகிறவர் மனம் ஒப்பாது. பந்தய நாளில் அணிக்கு வியூகம் வகுக்கும் பொறுப்பிலிருந்து விலகுவதாக பென்ஸ்கி அறிவித்தார்.

2024 தொடரின் முதல் பந்தயத்தில் வென்ற பென்ஸ்கி கார், கூடுதல் வேகம் தரும் பொத்தானை விதி அனுமதிக்காத நேரத்தில் பயன்படுத்தியது பின்னர் தெரியவந்தது. வெற்றி பறிக்கப்பட்டது. 2025 மே மாதம், இண்டியானாபொலிஸ் தகுதிச் சுற்றின்போது அணியின் இரண்டு கார்களின் பின்பக்க மோதல் தடுப்புப் பாகம் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டன. சில நாட்களில் அணியின் தலைவர் உட்பட மூன்று மூத்த பொறுப்பாளர்களை பென்ஸ்கி நீக்கினார். பல ஆண்டுகள் கூடவே உழைத்தவர்கள் அவர்கள்.

அந்த முடிவு தேவையானதுதான். ஆனால் அதுவும் முதலாளி தன் வீட்டுக்குள் எடுத்த முடிவே. பிற அணிகள் கேட்டது வேறு: எங்கள் காரைச் சோதிப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்? இதற்குப் பிறகுதான், நடுவர் பணியை பென்ஸ்கி நிறுவனத்திடமிருந்து பிரித்துச் சுதந்திரமான அமைப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது.