'குவைட்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்தில் அளவைக் குறிக்கும் வினையடைகளுள் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் அலைக்கழிப்பது 'குவைட்' என்பதாகும். 'குவைட் இம்பாசிபிள்' என்றால் அறவே இயலாதது. 'குவைட் குட்' என்றாலோ, இங்கிலாந்தில் பெரும்பாலும் 'ஒருவாறு நன்று' என்றே பொருள்படும்; அமெரிக்காவில் 'மிக நன்று' என்றாகிவிடும். ஓர் அலுவலரின் பணியைப்பற்றி மேலதிகாரி இவ்விரு சொற்களை எழுதிவைத்தால், அது பாராட்டா, அரைப் பாராட்டா என்பதில் அவருடைய பதவி உயர்வே அடங்கியிருக்கலாம்.

கடனிலிருந்து விடுபட்டவனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழியே இது ஆங்கிலம் புகுந்தது. கடன் தீர்ந்தது என்றால் முழுவதும் தீர்ந்தது என்றுதானே பொருள்? ஆகவே முழுமை என்பதே மூத்த பொருள். 'ஓரளவு' என்பது பிற்காலத்தது. பிழையானது, வேறானது, முடிந்தது என ஏற்றத்தாழ்வுக்கு இடந்தராத சொற்களோடு சேருமிடத்து மூத்த பொருளையும், நன்மை, குளிர்ச்சி, பருமை என ஏறி இறங்கும் பண்புகளோடு சேருமிடத்து இளைய பொருளையும் கொள்ளலாம். இவ்விதியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஆங்கிலேயர் 'குவைட்' என்பதை அழுத்தி உரைத்தால் பாராட்டு இறங்கும். 'குட்' என்பதை அழுத்தினால் ஏறும். தாளில் அழுத்தம் ஏது?

தமிழிலக்கண நூலார் இத்தகைய சொற்களை உரிச்சொல் என்றனர். தொல்காப்பியம் உறு, தவ, நனி என்னும் மூன்றையும், நன்னூல் அவற்றோடு சால, கூர், கழி என்பவற்றையும் மிகுதிப் பொருளில் வைத்தன. யாவும் ஏறுமுகமே, 'நனி நன்று' என்பதைக் கேட்டு எவரும் மயங்கார்.

ஆயினும் இம்மயக்கம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. திருவனந்தபுரம் கரமனையில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தாரின் பேச்சைக் கேளுங்கள். 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது கேரளத்திலேயே நின்றுவிட்ட தமிழர் அவர்கள். 'கல்யாணத்துக்குக் குறே ஆள் வந்திருந்தது' என்று அங்கொருவர் மகிழ்ந்து கூறினால், மதுரையிலிருந்து வந்த உறவினர், கூட்டம் குறைந்துவிட்டதே என்று வருந்தக்கூடும். மலையாளத்தில் 'குறே' என்பது கணிசமான தொகை. 'குறச்சு' என்பதே சிறிது. குறைதலைக் காட்டும் ஒரே வேரினின்று இரண்டும் முளைத்தன. ஆங்கிலத்திலும் 'எ ஃபியூ' என்றால் சிலர். முன்னே 'குவைட்' சேர்ந்தாலோ பலர்! ('வளரெ' என்னும் மலையாளச் சொல் இவ்வாறு ஏய்ப்பதில்லை, வளர்ச்சி அதன் முகத்திலேயே தெரிகிறது.)

எதிர்மறையில் மட்டும் ஐயம் குறைவு. 'நாட் குவைட் ரெடி' என்று கோப்பில் கண்டால், மூத்த பொருளே அங்கு நிற்கிறது: ஆயத்தம் நடைபெறுகிறது, இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனைச் 'சிறிதும் ஆயத்தமில்லை' என்று பெயர்த்தால், வேலையை ஏறத்தாழ முடித்தவர் ஒன்றுமே செய்யாதவராகிவிடுவார்.