கையடக்கக் கமெராவும் படத்தின் தரமும்

புகைப்படக் கலையில் ஈடுபாடுள்ள அன்பர்கள் நால்வர் ஓரிடத்திற் கூடினால், அங்கே எழும் முதல் வாதம் படங்களைப் பற்றியதாக இருப்பதில்லை. கருவிகளைப் பற்றியதாகவே இருக்கும். அதிலும், சட்டைப்பையினுள் வைக்கத்தக்க சிறு கமெரா ஒன்றை எவரேனும் மேசைமீது வைத்துவிட்டாரென்றால், "பார்வைக்கு அழகுதான், ஆனால் படம் எப்படி?" என்ற கேள்வி உடனே பிறந்துவிடும். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காணப் பெரும்பாலோர் கையாளும் வழிதான் நியாயமானதன்று. படத்தைக் கணினித் திரையிற் பெருப்பித்து, மூலையிலுள்ள ஓலைக்கீற்றுகளை எண்ணிப் பார்த்து, "தரமில்லை" என்று தீர்ப்புக் கூறி எழுந்துவிடுகிறார்கள்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜேர்மனியின் வெற்சுலார் நகரில் லைற்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்ணக் என்பவர், சினிமாப் படச்சுருளைக் கொண்டு 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உடைய சிறு படங்களை எடுக்கும் கருவியொன்றை 1914ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அதுவே 1925இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. பெரிய கண்ணாடித் தட்டுகளிற் படம் பிடித்துப் பழகிய கண்களுக்குத் தபால் முத்திரையை ஒத்த அந்தப் படம் விளையாட்டுப் பொருளாகவே தோன்றியிருக்கும். காலத்தின் வேடிக்கையைப் பாருங்கள்: அன்று மிகச் சிறியது எனப்பட்ட அதே 24க்கு 36 என்ற அளவுதான் இன்று "முழுச் சட்டகம்" என்று போற்றப்பட்டு, ஏனைய கமெராக்களை இழித்துரைப்பதற்குரிய அளவுகோலாக விளங்குகின்றது!

ஆடியில்லாக் கமெரா, அதாவது மிரர்லெஸ் கமெரா, என்பது யாது? பழைய எஸ்.எல்.ஆர். கமெராக்களில் வில்லைக்குப் பின்னால் சாய்வாக ஓர் ஆடி நிற்கும். அது ஒளியை மேலே திருப்பிப் பார்வைத் துவாரத்துக்கு அனுப்பும். படம் எடுக்கும் கணத்தில் 'டக்' என்று மேலெழும். அந்த ஆடியை அகற்றி, ஒளியுணரி காண்பதை நேரே சிறு திரையிற் காட்டினால், கமெராவின் வயிறு ஒடுங்கிவிடுகின்றது. 2008இல் ஒலிம்பஸ், பனசொனிக் ஆகிய இரு யப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் முறை இவ்வழியிற் பிறந்ததே. அம்முறையிலே எவ்வளவு தூரம் சிறுக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாக 2013இல் வெளிவந்தது பனசொனிக் ஜீ.எம். 1. அகலம் 98.5 மில்லிமீற்றர், உயரம் 54.9 மில்லிமீற்றர், மின்கலமும் நினைவுத் தகடும் சேர்ந்த எடை ஏறக்குறைய 204 கிராம். வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க கமெரா ஒன்று உள்ளங்கையில் மறைந்துவிடுவது வியப்பல்லவா? இக்கட்டுரைக்கு இதனையே சான்றாகக் கொள்வோம்.

முதலிற் குறையைச் சொல்லிவிடுவோம். ஜீ.எம். 1இன் ஒளியுணரி 17.3க்கு 13 மில்லிமீற்றர். பரப்பு சுமார் 225 சதுர மில்லிமீற்றர். முழுச் சட்டகத்தின் பரப்போ 864 சதுர மில்லிமீற்றர். ஒரே துவார எண்ணிலும் ஒரே ஷட்டர் நேரத்திலும் சிறியது திரட்டும் மொத்த ஒளி, பெரியதன் காற்பங்கை அண்டியதேயாகும். ஒளி என்பது மழைத்துளிகளைப் போலத் தனித்தனித் துகள்களாக விழுவது. முற்றத்தில் இரண்டு சட்டிகளை அருகருகே வைத்தால், பெருமழையில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் சேரும். நாலு துளி தூறலிலோ ஒன்றில் மூன்றும் மற்றொன்றில் ஒன்றும் விழக்கூடும். ஒளியும் அவ்வாறே. ஓரிடத்தில் 10,000 துகள்கள் விழுமாயின் ஏற்றத்தாழ்வு 100 அளவில், அதாவது நூற்றுக்கு ஒன்றாக நிற்கும். 100 துகள்களே விழுமாயின் ஏற்றத்தாழ்வு 10; நூற்றுக்குப் பத்து! அந்த ஏற்றத்தாழ்வுதான் இருண்ட படங்களில் மணல் தூவியதுபோற் காணப்படும் இரைச்சல். ஆகவே சிறிய ஒளியுணரியில் ஐ.எஸ்.ஓ. 800இல் எடுத்த படம், பெரியதில் 3200இல் எடுத்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகும். இதனை எந்த விளம்பரமும் மாற்றிவிட இயலாது. இது இயற்கையின் கணக்கு.

ஆயின், அக்கணக்கு எப்பொழுது கண்ணுக்குத் தெரியும் என்பதே நாம் கேட்கவேண்டியது. ஜீ.எம். 1 தரும் படம் 16 மெகாபிக்ஸல்; நீளவாக்கில் 4592 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 15 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள படம் கிடைக்கும். வீட்டுச் சுவரில் மாட்டும் படங்களுட் பெரும்பாலானவை அதனினும் சிறியன. அதே படத்தை, அங்குலத்துக்கு 96 புள்ளிகள் கொண்ட சாதாரணக் கணினித் திரையில் முழுப் பெருப்பத்திற் பார்ப்பவர் என்ன செய்கிறார்? சுமார் நான்கடி அகலமான படமொன்றை ஒன்றரை அடித் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்க்கிறார். நான்கடிச் சித்திரத்தை எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. கோபுரத்துச் சுதையை ஏணி வைத்து ஏறி நின்று பார்த்துவிட்டு, "மூக்குச் சீராக இல்லை" என்று குறைகூறுவது போன்றது இது.

வில்லையை மதிப்பிட எளிய சோதனையொன்று உண்டு. பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருக்கமின்றிச் சுவரில் ஒட்டி, கமெராவை முக்காலியில் நேராக நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 200இல், துவாரம் எஃப் 5.6இல், இரண்டு செக்கன் தாமதத்தில் ஒரு படம் எடுக்கவும். நடுவிலுள்ள எழுத்துக்களும் நான்கு மூலைகளிலுள்ள எழுத்துக்களும் எவ்வாறு தெரிகின்றன? மூலைகள் நான்கும் நடுவைவிடச் சற்று மங்கலாக இருப்பின் அது அவ்வகை வில்லையின் இயல்பு, பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு மூலை மாத்திரம் ஏனைய மூன்றிலும் மங்கியிருப்பின், உங்கள் கையிலுள்ள அந்த ஒரு வில்லை சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கின்றது என்பதே பொருள். பிறர் எழுதும் விமரிசனங்கள் எத்தனை படித்தாலும் இதனை அறிய முடியாது. ஏனெனில் அவர்கள் சோதித்தது வேறொரு வில்லை. துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் இன்னும் கூர்மையாகும் என்று நினைப்பதும் தவறு. இவ்வளவு சிறிய ஒளியுணரியில், சிறு துவாரத்தின் ஒளிக் கோணலே எழுத்துக்களை மெழுகிவிடும். எஃப் 4 முதல் எஃப் 8 வரையே நல்ல எல்லை.

இக்கமெராவுடன் வந்த 12-32 மில்லிமீற்றர் வில்லையின் எடை 70 கிராம். இத்தனை சிறிய வில்லை நேர்கோடுகளை நேராகக் காட்டுவது எப்படி? உண்மையில், அகன்ற கோணத்தில் அது தானாகக் காட்டுவதில்லை. கோடுகள் பீப்பாயின் பலகைகள்போல வளைந்தே விழுகின்றன. கமெராவினுள் இருக்கும் கணக்கு அவற்றை நிமிர்த்திவிடுகின்றது. "இது ஏமாற்று வித்தை" என்று சினப்பவர்கள் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சமைத்த சோற்றை உண்டு பார்த்துத்தான் சுவை கூறவேண்டும். அரிசி உலையில் எப்படிக் கொதித்தது என்று கேட்டுப் பயனில்லை. ஆனால் நிமிர்த்தும்போது மூலைகள் இழுபடுகின்றன. இழுபடுமிடத்தில் நுண்மை குறையும். ஆகவே குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் முகம் சற்று அகன்று தோன்றினால் அவர்மேற் பழியில்லை.

இனி, எந்தச் சுவரும் எந்த அட்டவணையும் காட்டாத சோதனைக்கு வருவோம். நல்லூர்த் திருவிழாவில் நண்பகல் வெயிலைக் கற்பனை செய்யுங்கள். வெண்மணல், வெள்ளை வேட்டி, அதன்மேல் வெயிலிற் கறுத்த மேனி, நெற்றியில் திருநீறு. எந்தக் கமெராவுக்கும் இது கடும் பரீட்சை. வெண்மை மிகுந்த காட்சியைக் கண்ட ஒளிமானி, "ஒளி அதிகம்" என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். மனிதரின் முகம் கரித்துண்டாகும். முகத்துக்கென ஒளியைக் கூட்டினாலோ வேட்டியின் மடிப்புகள் எரிந்து வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். எரிந்துபோன வெண்மையை எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. இருண்ட முகத்தையோ ஓரளவு மீட்கலாம். ஆதலால் வேட்டியின் மடிப்புத் தப்பும் அளவுக்கு ஒளியை நிறுத்தி, கமெராவின் பக்குவப்படுத்தாத 'றோ' பதிவிலிருந்து முகத்தின் இருளைப் பின்னர் உயர்த்துவதே வழி. அவ்வாறு உயர்த்தும்போது கன்னத்தின் கீழும் கண்குழியிலும் மணல் பொரிகின்றதா, அல்லது தோலின் நிறமும் மினுக்கமும் உயிரோடு எழுகின்றனவா என்று பாருங்கள். படத்தின் தரம் அங்கேதான் இருக்கின்றது. ஐ.எஸ்.ஓ. 200இல் ஜீ.எம். 1 போன்ற கமெரா இப்பரீட்சையிற் போதிய அளவு தேறிவிடும். 1600இல் எடுத்துவிட்டு அதே அளவு உயர்த்த முனைந்தால் தேறாது.

கறுத்த மேனியை ஏன் இத்தனை வற்புறுத்துகிறோம் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. படச்சுருட் காலத்தில், அமெரிக்காவின் கொடாக் நிறுவனம் நிறங்களைச் சரிபார்க்கவென அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தவள் ஒரு வெள்ளைப் பெண். முதலில் அவ்வாறு நின்றவளின் பெயரால் அவை 'சேர்லி அட்டைகள்' எனப்பட்டன. அவள் தோல் செம்மையாக வந்தால் எல்லாம் செம்மை என்பதே கணக்கு. பல இனத்துப் பெண்களும் சேர்ந்து நிற்கும் அட்டைகள் 1990களிலேதான் வந்தன. எங்கள் பாட்டன் பாட்டிமாரின் கலியாணப் படங்களிற் பட்டுச் சேலை பளிச்சிட, முகங்கள் மட்டும் புகை மூடிக் கிடப்பதற்கு ஸ்ரூடியோக்காரரின் கைத்திறன் மாத்திரம் காரணமன்று. இன்று கருவி மாறிவிட்டது. ஆயினும் கறுப்பை வெளுப்பாக்கிக் காட்டுவதை 'அழகு' என்று எண்ணும் கணக்குகள் பல கைத்தொலைபேசிகளுள் இன்னமும் வேலை செய்கின்றன. ஒரு கமெராவைத் தேர்வோர் தம் வீட்டாரின் முகத்தை அதன் முன் நிறுத்தி, வந்த படத்தை அம்முகத்தின் அருகே பிடித்து ஒப்பிடட்டும். மாம்பழத்தையும் மயிலிறகையும் படம் பிடித்து நிறம் பார்ப்பதனால் ஆவதொன்றுமில்லை.

கூர்மை ஒன்றே தரம் எனக் கருதுவோருக்கு இவ்விடத்தில் ஒருவரை நினைவூட்டலாம். யூலியா மார்கிறட் கமரன் என்னும் ஆங்கில மாது 1863இல், தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமெராவாற் படம் பிடிக்கத் தொடங்கினார். முகத்தை நெருங்கி, குவியம் மென்மையாக அவர் எடுத்த படங்களைக் கண்ட அக்காலத்து விமரிசகர்கள், "தெளிவில்லை, கருவியைக் கையாளத் தெரியவில்லை" என்று ஏளனம் செய்தனர். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவ்வம்மையார் 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். ஏளனம் செய்தவர்களின் பெயர்களை ஆராய்ச்சிக்காரரன்றி வேறெவரும் இன்று அறியார். தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள அந்தக் கல்லறையைத் தேடிச் செல்வோர் மாத்திரம் இன்னும் இருக்கிறார்கள்.

இரவுக்கு வருவோம். விளக்கொளியிற் சிறு ஒளியுணரி தடுமாறும் என்றோம். அதற்கு மாற்று, கமெராவை மாற்றுவதன்று, வில்லையை மாற்றுவது. இம்முறைக்கென 2009இல் வந்த 20 மில்லிமீற்றர், எஃப் 1.7 வில்லை 100 கிராம் எடையே உடையது. எஃப் 3.5 வில்லையைவிட நான்கு மடங்குக்கு மேலான ஒளியை அது உள்ளே விடும். ஒளியுணரியின் சிறுமையால் இழந்த நான்கு மடங்கும் இதனால் மீள்கின்றது என்பதைக் கவனித்தீர்களா? முழுச் சட்டகக் கமெராவில் மலிவான ஸூம் வில்லையைப் பூட்டிக்கொண்டு திரிபவரும், இச்சிறு கமெராவில் நல்ல வில்லையைப் பூட்டியவரும் குத்துவிளக்கின் முன்னே ஏறத்தாழச் சமமாக நிற்பர். இரைச்சலை அழிக்கிறேன் என்று கமெரா தானே செய்யும் மெழுகு வேலையை மட்டும் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிடின் ஆச்சியின் முகச் சுருக்கங்கள் எல்லாம் மெழுகுப் பொம்மையினதைப்போல வழுவழுத்துவிடும். சிறிது மணல் இருந்தாலும் பாதகமில்லை, முகம் ஆச்சியினுடையதாக இருக்கட்டும்.

ஷட்டரிலும் ஒரு குறை உண்டு. உடலைச் சிறுக்கவைத்தமையால் ஜீ.எம். 1இன் பொறிமுறை ஷட்டர் 1/500 செக்கனுக்கு மேல் விரையாது. அதற்கப்பால் 1/16000 வரை மின்னணு ஷட்டரே வேலை செய்யும். நண்பகலில் எஃப் 1.7இற் படம் பிடிப்பவர் மின்னணு ஷட்டரைத் தவிர்க்க முடியாது. அது படத்தை வரிவரியாக வாசிப்பதால், ஓடும் பேருந்து சாய்ந்த பெட்டியாகவும், குழாய்விளக்கின் கீழ் எடுத்த படம் பட்டைபட்டையாகவும் வரலாம். நிற்கும் மனிதருக்கு இதனால் தீங்கில்லை. பந்தயம் பிடிக்க விரும்புவோர் வேறு கமெரா பார்ப்பது நலம்.

ஜீ.எம். 1 இப்பொழுது உற்பத்தியில் இல்லை. கிடைப்பவை பிறர் கைபட்டவையே. வாங்குமுன் கடையின் வாசலில் நின்று, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி, வெறும் நீலவானத்தை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கூர்மைக்கு ஆகாதென்று நாம் தள்ளிய அத்துவாரம் இதற்கு உதவும். ஒளியுணரியில் ஒட்டிய தூசும் பூஞ்சணத் துணுக்கும் கருந்திட்டுக்களாக வானத்தில் மிதக்கும். வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளேயும் பாருங்கள். கடற்காற்றும் மாரிக்கால ஈரமும் உள்ள எமது ஊர்களில் பூஞ்சணம் சிலந்திவலைபோல மெல்லப் படரும். தூசானால் துடைக்கலாம், வலை தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதிலும் பயனில்லை, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.